பழந்துப்பாக்கி முத்திரைகளின் மெய்ம்மை

செப்பேடு ஒன்று கிடைத்தால், அதன் எழுத்து எக்காலத்தது, அதிற் கூறப்பெறும் அரசன் அவ்வாண்டில் ஆட்சி புரிந்தானா என்று ஆராய்ந்த பின்னரே வரலாற்றாசிரியர் அதனை நம்புவர். இந்நாட்டில் வழங்கிய படைத் துப்பாக்கிகளும் ஒருவகைச் செப்பேடுகளே. மகுடம், சிங்கம், அம்பு, ஆண்டு, வரிசை எண் எனப் பல பொறிப்புக்கள் அவற்றின் இரும்பில் உள்ளன. ஐதராபாத்துச் சாலார் ஜங் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் படைக்கலப் பகுதியைக் காணும் நாம், இப்பொறிப்புக்கள் மெய்யானவைதாமா என்று எவ்வாறு துணிவது?

முதற்கண் கொள்ள வேண்டியது காலக் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் துப்பாக்கிகளில் முதலில் இதய வடிவான வணிக முத்திரையையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எழுந்து நிற்கும் சிங்கத்தையும் பொறித்தனர். 1858இல் கம்பெனியாட்சி முடிவுற்றது. விக்டோரியா அரசியாரின் 'வி.ஆர்.' என்னும் எழுத்துக்கள் 1901 ஜனவரியில் அவர் மறைந்ததோடு நின்றன. பின்னர் எட்வர்டு மன்னரின் 'ஈ.ஆர்.', 1910 முதல் ஜார்ஜ் மன்னரின் 'ஜி.ஆர்.' என்று அவை மாறின. குட்டை வகை லீ-என்பீல்டு ரைபிள் படைக்கு வந்ததோ 1903இல். ஆகவே, அவ்வகை ரைபிள் ஒன்றில் 'வி.ஆர்.' என்றிருப்பின், ஆராயாது அதனை மெய்யெனக் கொள்ளுதல் ஆகாது.

இத்தகைய துப்பாக்கிகள் உண்டா என்று வினவலாம். மிகப் பல உண்டு. கோஹாட்டை அடுத்த தர்ரா ஆதம் கேல் முதலிய எல்லைப்புற ஊர்களில், பட்டாணியக் கொல்லர் கைக்கருவிகளைக் கொண்டே ஆங்கிலத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்தனர். ஆங்கில எழுத்தை வடிவமாக மட்டுமே கண்டு பொறித்தமையால், 'என்' என்னும் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும். 'என்பீல்டு' என்னும் சொல்லில் பிழை காணும். ஒரே எண் பல துப்பாக்கிகளிலும் வரும். அக்கொல்லரின் கைத்திறன் போற்றத்தக்கதே. அவர்தம் பட்டறைக்கு அத்துப்பாக்கி மெய்ச்சான்று. என்பீல்டு தொழிற்சாலைக்கோ பொய்ச்சான்று.

இரண்டாவது, இரும்பைக் கண்ணால் ஆராய்தல். தொழிற்சாலையில் முத்திரை பெரும்பாலும் இறுதி மெருகு ஏற்றுவதற்கு முன்னரே அறையப்பெறும். ஆதலின் மெருகு பொறிப்பின் பள்ளத்துள்ளும் படிந்திருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். பின்னாளில் அறைந்ததாயின் மெருகு உடைந்து, விளிம்பில் இரும்பு பிதுங்கி நிற்கும். சுற்றிலும் துரு அரித்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக விளங்கினால் ஐயுறல் வேண்டும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: தொழிற்சாலைப் பெயர் ஒரே அச்சினால் விழுவதாகலின் சீராக இருக்கும், வரிசை எண்ணோ இலக்கம் இலக்கமாகக் கையால் அறையப்பெற்றமையால் சற்றுக் கோணலாக இருத்தல் இயல்பு. அக்கோணலைக் கண்டு போலியெனக் கூறுதல் தவறு.

மூன்றாவது, முத்திரை எப்பகுதியில் உள்ளது என்று காணல். 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டின் பக்கவாட்டு விசைத் தகட்டில் உள்ள ஆண்டு, அத்தகட்டின் ஆண்டே. துப்பாக்கி முழுமைக்கும் அன்று. தகட்டில் 1857 என்றிருப்பதனாலேயே அத்துப்பாக்கி மீரத்திலோ டில்லியிலோ அவ்வாண்டுக் கிளர்ச்சியில் வெடித்தது எனல் பொருந்தாது. 1858 என்றிருந்தாலோ, முன்னாண்டு மே 10ஆம் நாள் மீரத்தில் எழுந்த கிளர்ச்சியைப் பற்றி அத்தகடு சான்று கூற இயலாது. லீ-என்பீல்டின் அடிக்கட்டையில் பதித்த பித்தளை வட்டம் படைப்பிரிவின் பெயரைக் காட்டும். ஆனால் அது ஒரு திருகாணியால் மட்டுமே பொருந்தியது. புகழ்பெற்ற படைப்பிரிவின் வட்டத்தை எடுத்து எத்துப்பாக்கியிலும் பொருத்திவிடலாம்.

இம்மூன்றினும் நுட்பமானது வேறொன்று. முதல் முத்திரை அல்லாதது யாவும் போலி அன்று. கொல்கத்தா வாழ் தமிழர்க்கு அண்மையிலுள்ள இச்சாப்பூரை எண்ணுவோம். ஹூக்ளிக் கரையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய அவ்விடத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. அங்குச் செய்தவற்றில் மகுடமும், 'ஜி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துக்களும், ஊர்ப்பெயரும் உள்ளன. இறுதியிலுள்ள 'ஐ' பேரரசர் என்னும் பட்டத்தைக் குறிப்பது. விடுதலைக்குப் பின் மகுடம் நீங்கி, அசோகரின் சிங்கமுகத் தூணும் 'ஆர்.எப்.ஐ.' என்னும் எழுத்துக்களும் வந்தன. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கென '2ஏ' வகை அங்கே செய்யப்பெற்றது. பழைய ரைபிள்கள் பல புதுக் குழலும் புது ஆண்டும் பெற்றன, சில 'டி.பி.' என்னும் எழுத்தோடு பயிற்சிக்கு ஒதுக்கப்பெற்றன. சில காவலர்க்கென வரிப்பள்ளமற்ற.410 துப்பாக்கிகளாயின. நேபாளப் படைக் கிடங்குகளில் இருந்த துப்பாக்கிகளிலோ தேவநாகரிப் பொறிப்புக்கள் காணப்பெறுகின்றன. இவையெல்லாம் அவ்வத் துப்பாக்கி அவ்வக் காலத்தில் மெய்யாகவே பெற்றவை.

இதனை உணராதார் பழைய நிலைக்கு மீட்கின்றோம் எனக் கருதிப் பிற்கால முத்திரையை அரத்தால் தேய்த்துவிடுவர். வேறு சிலர் அயலாட்சியின் அடையாளமென மகுடத்தைத் தேய்ப்பர். இருவரும் போலி செய்தவரைவிடக் குறைந்த தீங்கு செய்தாரல்லர். மகுடம் பொறித்த கையும் பின்னர்ச் சிங்கமுகத் தூணைப் பொறித்த கையும் இச்சாப்பூர்த் தொழிலாளருடையவை. எழுத்தறியாமலே எழுத்தைப் பொறித்த எல்லைப்புறக் கொல்லனைப் போலவே, தம் பெயரை எங்கும் எழுதாது சென்ற அவர்தம் உழைப்பிற்கும் இப்பொறிப்புக்களே சான்று.

ஆதலின் அருங்காட்சியகக் குறிப்பில் '1857 கிளர்ச்சித் துப்பாக்கி' என்று மட்டும் கண்டால் மனநிறைவு கொள்ள வேண்டா. தகடு எவ்வாண்டினது, குழல் எவ்வாண்டினது, முத்திரை யாருடையது என்று தனித்தனியே கூறும் குறிப்பே நம்பத்தக்கது. அத்தகைய குறிப்பு இல்லாதவிடத்து, காப்பாளரைப் பணிவுடன் வினவுதல் நம் உரிமை.