முதல் பரிசே இல்லாத ரேஸ்

இன்னைக்கு நாம பேசப்போற சைக்கிள் பயணத்தை ‘ரேஸ்’னு சொன்னா அதை நடத்துறவங்க கோவிச்சுக்குவாங்க. பாரிஸ் பக்கத்துல கிளம்பி, பிரான்ஸோட மேற்குக் கோடியில் கடலோரமா இருக்கிற பிரெஸ்ட் நகரம் வரைக்கும் போய், மறுபடியும் பாரிஸுக்குத் திரும்பணும். சுமார் 1200 கிலோமீட்டர். அதிகபட்சம் 90 மணி நேரம். தூக்கம், சாப்பாடு, பஞ்சர் எல்லாமே அந்த 90 மணிக்குள்ள அடக்கம். 60 மணி நேரத்துல வந்தவருக்கும், 89 மணி 50 நிமிஷத்துல கழுத்து நிமிராம வந்து விழுந்தவருக்கும் ஒரே மெடல். முதல் பரிசு கிடையாது. ஆறுதல் பரிசும் கிடையாது.

நேரா போய்ப் பேர் கொடுத்துடவும் முடியாது. அதே வருஷத்துல 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முடிச்சிருக்கணும். இந்தப் பயணங்களுக்கு ‘பிரெவே’னு பேர், பிரெஞ்சில் சான்றிதழ்னு அர்த்தம். நம்ம ஆளுங்க ‘பிரெவெட்’னுதான் சொல்லுவாங்க. பிரெஞ்சுக்காரர் யாரும் பக்கத்துல இல்லாத வரைக்கும் பிரச்சினை இல்ல. 200க்குப் பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நாலையும் ஒரே சீசன்ல முடிச்சா ‘சூப்பர் ராண்டனர்’. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழே இது நடக்குது. சென்னை, கோவைன்னு ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கு.

இதோட விதிமுறைகளைப் படிச்சா, கோடு எழுதுற எனக்கே சிரிப்பு வரும். கையில் ஒரு அட்டை கொடுப்பாங்க. வழியில் சில இடங்கள்ல அதுல முத்திரை வாங்கணும். லேட்டா போனா முத்திரை கிடையாது, சரி. ரொம்ப சீக்கிரம் போனாலும் கிடையாது. அந்த இடம் திறக்கிற நேரம் வரைக்கும் காத்திருக்கணும். முத்திரை குத்த ஆள் இல்லாத ஊர்ல, அங்க வந்ததுக்கு ஏடிஎம் சீட்டைக் காட்டணும். ராத்திரி ரெண்டு மணிக்கு மஞ்சள் சட்டை போட்ட பத்துப் பேர் வரிசையா நின்னு, பணமே எடுக்காம பேலன்ஸ் மட்டும் பாத்துட்டுப் போறதைப் பாத்தா வாட்ச்மேன் என்ன நினைப்பார், சொல்லுங்க? அதே ஏடிஎம் ஏசியில ஒரு பதினஞ்சு நிமிஷம் தரையில் படுத்துத் தூங்குறதும் உண்டு. முத்திரை இடங்களுக்கு நடுவுல கார்ல வந்து யாரும் உதவக் கூடாது. ஆனா சக ஓட்டுநர் உதவலாம். டியூப் தரலாம், லைட் தரலாம், முன்னாடி ஓட்டிக் காற்றை மறைச்சுத் தரலாம். எதிராளியே இல்லாததால வர்ற தாராளம் இது. எல்லாம் முடிஞ்சு மெடல் வேணும்னா, அதுக்கு நாமதான் காசு கட்டணும்.

நான் இதைத் தோண்ட ஆரம்பிச்சதுக்கு எங்க ஊர் ரோடும் ஒரு காரணம். சூலக்கரை, விருதுநகருக்குத் தெற்கே சாத்தூர் போற வழியில், என்.எச். 44ஐ ஒட்டின ஊர். ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரியில் முடியுற ரோடு அது. காஷ்மீர்லேருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போறவங்க, மதுரையைத் தாண்டினதும் எங்க ஊர்ப் பக்கமாத்தான் போவாங்க. அங்கேருந்து குமரிக்கு 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட ஒரு பிரெவே. கயத்தாறு பக்கம் வரிசையா நிற்கிற காற்றாலைகள் கார்ல போறவங்களுக்கு அழகு. சைக்கிள்காரனுக்கு அது எச்சரிக்கைப் பலகை.

சரி, வரலாறு. இது ஆரம்பிச்சப்போ சுத்தமான ரேஸாத்தான் ஆரம்பிச்சது. 1891ல் பியர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர், தன்னோட ‘லெ பெத்தி ஷூர்னால்’ பத்திரிகை சார்பா இதை அறிவித்தார். சைக்கிள் பொம்மை இல்ல, நாட்டையே கடக்கிற வண்டின்னு காட்டணும், பத்திரிகையும் விக்கணும். செப்டம்பர் 6ஆம் தேதி 206 பேர் கிளம்பினார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். பெண்கள் பேர் கொடுத்தும் சேர்க்கவில்லை.

போட்டி உண்மையில் ரெண்டு டயர் கம்பெனிகளுக்கு நடுவில். ஜியெல்-லவாலுக்கு டன்லப் டயர். ஷார்ல் டெரோனுக்கு மிஷெலின். அன்னைக்கு ஒரு பஞ்சர்னா டயரைப் பிரிச்சு, ஒட்டி, காயவிட்டு, மணிக்கணக்கு வேலை. மிஷெலின் அப்பத்தான் கழற்றி மாட்டுற டயரைக் கொண்டு வந்திருந்தது. அதை விக்கிறதுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? திரும்பி வர்ற வழியில், மூன்றாம் ராத்திரி, முன்னாடி போய்க்கொண்டிருந்த ஜியெல்-லவால் ஒரு விடுதியில் கண் அயர்ந்தார். டெரோனோட ஆட்கள் இதைப் பாத்துத் தகவல் சொல்ல, அவர் சத்தமில்லாம தாண்டிப் போயிட்டார். 71 மணி 22 நிமிஷம், தூங்காமல். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

அந்த ஜெயிக்கிற வெறி ஒரு கிளை. இன்னொரு கிளை இத்தாலியில் முளைச்சது. 1897 ஜூன் 12ஆம் தேதி, பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டி முடித்தார்கள். யார் முந்தினதுங்கிற பேச்சே இல்ல. அவர்களை ‘ஆடாக்ஸ்’ என்றார்கள், லத்தீனில் துணிச்சல்காரன். டூர் த பிரான்ஸை 1903ல் ஆரம்பிச்ச ஆன்ரி தெக்ராஞ்சுக்கு இது பிடித்துப் போய், 1904ல் பிரான்சுக்குக் கொண்டு வந்து விதிகள் எழுதினார். அதே வருஷம் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் பிறந்தது. ஆனா அவர் எழுதின விதி கொஞ்சம் ஸ்கூல் ஊர்வலம் மாதிரி: எல்லாரும் கூட்டமா, ஒரே வேகத்துல, கேப்டனை முந்தாம போகணும். பிறகு கிளப்புக்கும் அவருக்கும் மனஸ்தாபம். 1921ல் கிளப், “அவரவர் வேகத்துல போங்க, நேரத்துக்குள்ள வந்தா போதும்” என்று தனியாக ஆரம்பித்தது. இன்னைக்கு உலகம் முழுக்க, நம்ம ஈசிஆர் ரோட்டுலயும் ஓடுறது அந்த 1921 விதிதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒரு சண்டையிலதான் இவ்வளவு நட்பான விளையாட்டு பிறந்திருக்குங்கிறது.

1931ல் தொழில்முறை ஓட்டக்காரர்கள் ஒரு பக்கம், இந்த ராண்டனர்கள் இன்னொரு பக்கம் என்று பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ரெண்டும் நடந்தது. அந்த முறை பெண்களும் ஓட்டி முடித்தார்கள். தொழில்முறைப் போட்டி கடைசியா நடந்தது 1951ல். அதுல ஒரு காட்சி: பாரிஸ் நெருங்கும்போது முன்னாடி இருந்த ரெண்டு பேர்ல முல்லருக்குப் பஞ்சர். கூட இருந்த மொரீஸ் தியோ கிளம்பிப் போயிருக்கலாம். அவர் நின்னார். முல்லர் வந்து சேர்ந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டி, முடிவுக் கோட்டில் தியோ முந்தி ஜெயித்தார். 38 மணி 55 நிமிஷம். அதுக்கு அப்புறம் தொழில்முறைப் போட்டிக்கு ஆள் சேரலை, செத்துப் போச்சு. காசு வாங்காதவங்க ஓட்டினது மட்டும் இன்னும் நடக்குது, இப்ப நாலு வருஷத்துக்கு ஒருமுறை. 2019ல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனாங்க. எதிர்க்காற்றும் ராத்திரிக் குளிரும் போட்டுத் தாக்கியதுல, முடிச்சவங்களைவிட முடியாம நின்னவங்கதான் அதிகம்.

அங்க ஓட்டினவங்க கிட்ட கேட்டா, சைக்கிளைவிட அதிகமா ரோட்டோரத்து மக்களைப் பத்தித்தான் பேசுவாங்க. கிராமத்துல வீட்டு வாசல்ல மேஜை போட்டு, நடுராத்திரி காபி, சூப், மெல்லிசா தோசை மாதிரி ஒரு பண்டம். காசு வாங்க மாட்டாங்க. ஒரு வீட்டுல, “உங்க ஊருக்குப் போய் ஒரு போஸ்ட்கார்டு அனுப்புங்க” என்பதுதான் விலை. இதைக் கேட்டு நம்மாளுங்க ஆச்சரியப்படுறாங்க. எனக்கு ஆச்சரியமே இல்ல. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எங்க ரோட்டு வழியா நடந்து போறவங்களைப் பாருங்க. எத்தனை தண்ணீர்ப் பந்தல், எத்தனை அண்டா மோர், பானகம், புளிசாதம். கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட ஒரு ஆள். யாரு, எந்த ஊருன்னு கேட்கிறதுகூட இல்ல.

அதாவது, தூரம் போறவனுக்கு வழியில் சோறு போடுற பழக்கம் எங்ககிட்ட இருக்கு. தூங்காம சைக்கிள் மிதிக்கிற ஆளும் இருந்தார். இதை எனக்குச் சொன்னது எங்க பெரியப்பா. என் மெடலைப் பாத்துட்டு, “மூணு நாள் இறங்காம ஓட்டுனவனையே நாங்க பாத்திருக்கோம்டா”ன்னார். எழுபது, எண்பதுகள்ல தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, இந்தக் கதை வரும். ஊர்ப் பொட்டல்ல நடுவுல ஒரு கம்பம், உச்சியில் குழாய் ஸ்பீக்கர், சுத்திலும் டியூப்லைட். ஒருத்தர் சைக்கிள்ல ஏறி வட்டமடிக்க ஆரம்பிப்பார். மூணு நாளோ, அஞ்சு நாளோ, ஒரு வாரமோ கால் தரையில் படக் கூடாது. குளிக்கிறது, சாப்பிடுறது, சட்டை மாத்துறது எல்லாம் சைக்கிள் மேலேயே. சாயங்காலமானா ரெக்கார்டு டான்ஸ், நெஞ்சுல டியூப்லைட் உடைக்கிறது. பெண்கள் வீட்டுலேருந்து சோறு கொண்டு வருவாங்க. கடைசி நாள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டா குத்துவாங்க. சில்லறையைத் துண்டுல அள்ளிக்கிட்டு, அந்தக் குழு அடுத்த ஊருக்குக் கிளம்பும்.

மூணு நாள்னா 72 மணி நேரம். டெரோனோட 71 மணி 22 நிமிஷம் ஞாபகம் இருக்கா? உடம்புக்கு அது ரெண்டும் ஒண்ணுதான். டெரோன் பேர் புத்தகத்துல இருக்கு. பொட்டல்ல சுத்தினவர் பேர் பெரியப்பாவுக்கே மறந்து போச்சு. டெரோனாவது பாரிஸ்லேருந்து பிரெஸ்ட் போனார். இவரு சுத்தினது ஒரே வட்டம்தான். ஏன்? நேரா ஓட்டிப் போனா சட்டையில் யார் நோட்டுக் குத்துவா?

இங்கதான் ‘அமெச்சூர்’ங்கிற வார்த்தை எனக்கு இடிக்குது. காசுக்காக இல்லாம, பிரியத்துக்காகச் செய்றவன்னு அர்த்தம் சொல்றோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரான்ஸிலேயே தொழிலாளி சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தக் கிளம்பினது பிரியத்தால மட்டும் இல்ல. 1936ல் லெயோன் ப்ளூம் அரசாங்கம் ரெண்டு வாரம் சம்பளத்தோட விடுமுறை, வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலைன்னு சட்டம் கொண்டு வந்தது. அந்தக் கோடையில் ஃபேக்டரி ஆட்கள் டாண்டம் சைக்கிள்ல ஜோடி ஜோடியா கடலைப் பாக்கப் போன போட்டோக்கள் இன்னைக்கும் பிரபலம். சனிக்கிழமையும் லீவு ஆனதால ‘ரெண்டு ஞாயிறு உள்ள வாரம்’ என்று அதுக்குப் பேரே வைத்தார்கள். கால்ல தெம்பு முன்னாடியே இருந்தது. லீவு அப்பத்தான் வந்தது.

சைக்கிளுக்குத் தமிழ்நாட்டுல பெரிய வரலாறு உண்டு. 1991–92ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோட, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. பாரிஸ்ல பெண்களைத் திருப்பி அனுப்பிச் சரியா நூறு வருஷம் கழிச்சு! அதுக்குத் தனி எபிசோடே வேணும். ஆனா அவங்க மிதிச்சது தண்ணிக் குடத்துக்கும், வேலைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விடுறதுக்கும். அந்தத் தூரத்துக்கு யாரும் அட்டையில் முத்திரை குத்துறதில்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினா ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு நேரம் முடியும். திங்கள் காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்துக்கலாம். என்னை மாதிரி ஆளுக்குன்னே அளந்து தைச்ச மாதிரி இருக்கு. எங்க பக்கத்துப் பட்டாசு ஆபீஸ்லயும் தீப்பெட்டி ஆபீஸ்லயும் நிறைய பேருக்குப் பீஸ் ரேட்டு. உட்கார்ந்தா கூலி இல்ல. 2025 வரைக்கும் நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, வருஷத்துல 240 நாள் வேலை பாத்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு இருந்தது. அது சட்டப் புத்தகத்துல. சிவகாசிப் பக்கம் வாரக் கூலி போடுறது சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்துல 600 கிலோமீட்டர் ஓட்டுறவன் கிட்டத்தட்ட இருநூறாவது கிலோமீட்டர்ல, லைட்டைப் போட்டுக்கிட்டு இருப்பான்.

அடுத்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 2027ல். அதுக்கு ஓட்டணும்னு இருக்கிறவங்க அந்த வருஷ ஆரம்பத்துலயே நாலு தூரத்தையும் முடிச்சுடுங்க. நம்ம பக்கம் ஏப்ரல் வெயில்ல 400 கிலோமீட்டர் ஓட்டுறது விளையாட்டு இல்ல. கோவில்பட்டி தாண்டினா ராத்திரிக் கடைகள் குறைவு, அதனால பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கோங்க.