காயாத கம்பளி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் வேலைநாள் பிரட்டுக்களத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, விடியாத இருட்டில், ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டுவதில் தொடங்கியது. சமைக்கவும், குளிர்காயவும், துணி உலர்த்தவும் லயக் காம்பராவில் இருந்த ஒரே வெப்பம் அந்த அடுப்புதான்.

லயம் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பருவத்துக்கு வந்து திரும்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் முடங்கிக் கிடக்க ஓரிடம் போதும் என்று எழுந்த வரிசைக் கொட்டில்களே லயங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் படிப்படியாகக் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். குடும்பங்கள் நிலையாகத் தங்கின. கட்டடம் மட்டும் மாறவில்லை. சுமார் 10 அடிக்கு 12 அடி அறை, முன்னால் சிறு இஸ்தோப்பு, மேலே தகரம். இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். காற்று குறுக்கே ஓட வழியில்லை.

நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலான உயரம். இரவில் தகரம் குளிரும். உள்ளே இருப்போரின் மூச்சும் உலையின் ஆவியும் அதில் பட்டு நீராகச் சொட்டும். மழையில் நனைந்து வந்தவளின் கம்பளியும் படங்கும் அதே அறையில்தான் காய வேண்டும். கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டுவது, தரையில் சாக்கு விரிப்பது, சாணம் மெழுகுவது, அடுப்புக்கு மேலே விறகையும் துணியையும் அடுக்குவது: இவையெல்லாம் பெண்களின் வேலை. எந்தச் செக்ரோலிலும் இதற்குப் பெயர் விழவில்லை. புகை மட்டும் அவள் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கியது.

ஈரத்தை விரட்டத் தோட்டத்துக்குத் தெரியாமலா இருந்தது? லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தொழிற்சாலை. அங்கே கொழுந்தை மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்டினார்கள். பிறகு அடுப்பின் சூடான காற்றில், ஈரம் சுமார் 3 சதவீதமாகும் வரை உலர்த்தினார்கள். மழை நாளில் கொழுந்தோடு வந்த தண்ணீருக்கென்று அவள் எடையிலிருந்து கிலோக்கணக்கில் கழித்தார்கள். இலையின் ஈரம் கணக்கில் ஏறியது. அவள் சேலையின் ஈரம் ஏறவில்லை.

தன் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு உரிமை இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவராக்கிய பின் கேட்பதற்கும் இடமில்லாமல் போனது. 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. அப்போதும் அடுப்படி வேலை சம்பளத்துக்கு வெளியேதான் நின்றது.

காணியுடன் தனிவீடு என்ற கோரிக்கை இன்றும் மலையகத்தில் ஒலிக்கிறது. அதைக் கூரை மாற்றும் திட்டமாக மட்டும் பார்த்தால் போதாது. புகைபோக்கி எங்கே, ஜன்னல் எங்கே, நனைந்த துணி எங்கே காயும் என்பதை அந்த அடுப்பை மூட்டுகிறவள் தீர்மானிக்க வேண்டும். உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருந்தால்தான் அது நடக்கும்.