கல்லாகும் சாம்பல்



அண்மையில் திருத்தணிகைக் குன்றின் 365 படிகளையும் ஏறி, முருகனைத் தொழுது, நெற்றியில் திருநீறு அணிந்து நின்றேன். அடிவாரத்து நந்தியாற்றின்மீது நினைவு சென்றது. அது கொசத்தலையாற்றோடு கூடுவது. கொசத்தலையாறோ பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூரில் கடலை அடைவது. அந்த எண்ணூரிலும் சாம்பல் உண்டு. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து எஞ்சும் சாம்பல் அது. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

சாம்பல் கொண்டு கட்டுதல் புதுமையன்று. பண்டை உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டினர். உரோமாபுரியில் பாந்தியன் கோயிலின் குவிமாடம் சுமார் 1,900 ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. நம் நாட்டுக் கொத்தர் செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தனர். 1895-இல் நிறைவுற்ற பெரியாறு அணையின் காரையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்ததே.

நிலக்கரிச் சாம்பலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. உலையில் நிலக்கரித் தூள் எரிகையில், அதிலுள்ள கனிமங்கள் உருகிப் புகையோடு பறந்து, குளிர்ந்து, கண்ணாடித் தன்மையுள்ள நுண்ணுருண்டைகளாகின்றன. சிமெண்டு நீரோடு கூடி இறுகும்போது சிறிது சுண்ணாம்பு வெளிப்படும். சாம்பலிலுள்ள சிலிக்கா அதனோடு கூடி, மேலும் பிணைப்பை உண்டாக்கும்.

1937-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் இவ்வுண்மையை ஆய்ந்து வெளியிட்டனர். பேரணைகளில் சிமெண்டு இறுகுங்கால் எழும் வெப்பம் விரிசலுக்குக் காரணமாகும். சாம்பல் அவ்வெப்பத்தைக் குறைக்கும். ஆதலின், 1953-இல் நிறைவுற்ற அமெரிக்க நாட்டு ஹங்கிரி ஹார்ஸ் அணையில் அதனைப் பெருமளவிற் பயன்படுத்தினர். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ரிகந்த் அணையில், சிமெண்டில் சுமார் 15 விழுக்காட்டிற்கு ஈடாகச் சாம்பல் சேர்க்கப்பட்டது. இன்று நாம் வாங்கும் போசலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை நிலக்கரிச் சாம்பல் இருக்க இந்தியத் தரவிதி இடந்தருகின்றது. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்க: இக்கலவை தொடக்கத்தில் மெல்லவே வலுப்பெறும்; பல நாள் நீர்விட்டு நனைத்தல் இன்றியமையாதது.

பயன்கொள்ளாத சாம்பல் என்னாயிற்று? எண்ணூர்க் கழிமுகத்திற் படிந்து நீரோட்டத்தைத் தடுத்தது. மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. சாம்பலைப் பயன்கொள்ளுமாறு 1999-இல் நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது. அதன் பின்னரும் அத்துயர் தீர்ந்தபாடில்லை.

சுவரிற் சேர்ந்தால் உறுதி தரும் பொருள், ஆற்றிற் சேர்ந்தால் கேடு விளைக்கின்றது. நாளை பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் வரவிருக்கும் நீங்கள், அதனைச் சேருமிடத்திற் சேர்ப்பீர்களாக. தணிகையடியில் ஓடும் நீர் தூய்மை கெடாது கடலடைய வேண்டும்.