தாய்ப்பார்

மன்னார்க் குடாக்கடலின் முத்துக்குளிப்பை ஆராய்ந்தோர் பலரும் குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளையே எடுத்தோதுவர். நிகழாத ஆண்டுகளும் வரலாறேயாம். 1891இன் பின்னர் 1903 வரை இலங்கைக் கரையிலே ஒரு சலாபமும் வாய்க்கவில்லை. அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய துறைகளிலே குளியாளர் கூட்டம் காணப்படவில்லை. இதற்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு விடை காணுமாறு இலங்கை அரசினர் லிவர்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹேட்மனை அழைத்தனர். 1902 சனவரியில் வந்திறங்கிய அவர், யேம்சு ஹோணெல் என்பாரைத் துணையாகக்கொண்டு, 'பார்' என நம்மவர் வழங்கும் கடலடிக் கல்நிலங்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது.

அப்பார்களுள் நம் கருத்தை ஈர்ப்பது பெரியபார். ஏறக்குறைய 11 கடல்மைல் நீளமுடைய அது, கரைக்கு வெகுதூரத்திலே, ஆழ்கடற் சரிவையொட்டிக் கிடக்கின்றது. அங்கே சிப்பிக் குஞ்சுகள் அளவின்றித் தோன்றும். அடுத்த சோதனைக்குச் சென்றாலோ அவற்றைக் காணல் அரிது. குஞ்சுகள் அங்கிருந்து கரையோரப் பார்களுக்குப் பெயர்ந்து செல்கின்றன எனக் கருதிய குளியாளர், அதனைத் தாய்ப்பார் என்றழைத்தனர். ஹேட்மன் பழைய சோதனைக் குறிப்புக்களை நோக்கினார். 1880இன் பின் 11 முறையேனும் அங்கே குஞ்சுகள் படிந்திருந்தன. ஒருமுறையேனும் சலாபம் கிடைத்ததில்லை. அவை பெயர்ந்து சென்றனவல்ல; தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் கொந்தளிப்பினால் அடித்துச் செல்லப்பட்டும் மணலிற் புதையுண்டும் மடிந்தன என்பதே அவர் முடிபு. இதுகொண்டு குளியாளரைப் பேதையர் என இகழ்தல் தகாது. குஞ்சுகள் வந்ததையும் மறைந்ததையும் அவர் செவ்வனே கண்டிருந்தனர். சென்ற இடத்தை உய்த்துணர்ந்ததிலேதான் பிழை நேர்ந்தது.

முத்துச்சிப்பியின் குடம்பி சின்னாள் நீரில் மிதந்து திரிந்து, பின் அடிநிலத்தில் இறங்குவது. தன் காலிலுள்ள சுரப்பியினின்று புரத நூல்களைச் சுரந்து, கல்லிலோ பவளத்திலோ பழைய ஓட்டிலோ தன்னைக் கட்டிக்கொள்ளும். நிலையற்ற மணலில் அக்கட்டு என் செய்யும்? ஆதலினாற் கல்லும் ஓடும் இறைத்துப் பற்றுநிலம் அமைத்தலையும், இடருற்ற குஞ்சுகளை நற்பார்களுக்கு மாற்றுதலையும் ஹேட்மன் வற்புறுத்தினார்.

1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அது கண்டு மயங்கிய ஆங்கிலக் கம்பனியொன்று ஆண்டுக்கு 310,000 ரூபாவாக 20 ஆண்டுக் குத்தகை பெற்றது. 1907இன் பின்னோ 1925 வரை குளிப்பே இல்லை, கம்பனியும் குலைந்தது. பேராசையே இதற்குக் காரணம் என்பாருமுளர். அது முற்றும் பொருந்தாது என்பது எமது துணிபு. எவரும் அள்ளாமலே பெரியபாரில் 11 முறை குஞ்சுகள் அழிந்தன அன்றோ?

பற்றுநிலத்தை நாமே வரைந்து கொடுத்தால், உயிர் எங்கே பற்றும் என்பதையும் ஆளலாமோ? இவ்வினா பிற்காலத்தில் வேறொரு துறையிலே, வேறு நோக்கத்தோடு எழுந்தது. 1967இல் காட்டர் என்னும் ஆய்வாளர் செலுலோசு அசிற்றேற்று என்ற பல்பகுதியப் பரப்பின்மேற் பலேடிய உலோகத்தை நுண்ணிய தீவுகளாகப் படியவைத்தார். உயிர்க்கலங்கள் அத்தீவுகளையே நாடிப் பற்றின. 1997இல் அமெரிக்க நாட்டு ஆய்வாளர் சிலர் இதனினும் நுட்பமானதொன்றைக் காட்டினர். சிலிக்கன் இறப்பர் முத்திரையினால் ஒரு பரப்பைப் புரதம் ஒட்டும் இடமும் ஒட்டா இடமுமாகப் பிரித்து, கலங்களை அதன்மேல் விட்டனர். விரிந்து பற்ற இடம்பெற்ற கலம் பிழைத்தது. சிறுதீவில் ஒடுங்கியது மடிந்தது. தொட்ட பரப்பின் மொத்த அளவை மாற்றாது, அதனைச் சிறு புள்ளிகளாகச் சிதறி, கலம் அகல விரியுமாறு செய்தபோதும் அது பிழைத்தது. தொடும் அளவினும் விரிவே கலத்தின் உயிரைக் காத்தது என்பது இதனாற் பெறப்பட்டது.

சிப்பியினத்தின் நூலும் ஆராயப்படாமல் விடப்படவில்லை. 1981இல் வெயிற்று என்பார் நீலமட்டியின் பற்றுப் புரதத்திலே டோப்பா என்னும் கூறு மிகுந்திருத்தலைக் கண்டார். ஈரமான பரப்பிலும் அது ஒட்டுதற்கு இக்கூறு பெரிதும் உதவுகின்றது. அவ்வாண்டிலேயே, மன்னார்க் குடாவின் எதிர்க்கரையாகிய தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியை முட்டையினின்று வளர்த்துக் குஞ்சாக்கினர். பருவக்காற்றும் மணலும் அணுகாத அத்தொட்டிகளிலே குஞ்சுகள் நூல் சுரந்து ஒட்டிக்கொண்டன.