மலாயாக் காசும் மருமகளின் லப்டொப்பும்

போன கிழமை ஒரு பழைய மாணவர் தொலைபேசியில் கேட்டார்: "சேர், மகன் உத்தியோகத்துக்குப் போடாமல் வீட்டிலை இருந்து ஒன்லைனிலை உழைக்கப் போறானாம். இது நம்பக்கூடிய தொழிலோ?" எனக்கு உடனே பதில் வரவில்லை. 2022 இல் இதே கேள்விக்குப் பிழையான விடை எழுதியவன் நான். ஆகவே கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். பழைய சரித்திர வாத்தியார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தை 'மணியோடர் பொருளாதாரம்' என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த எங்கள் பெடியள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ரயில்வே, நில அளவை, கந்தோர் எழுதுவினைஞர் வேலை. என் அம்மப்பாவும் அதில் ஒருவர். மாதம் பிறந்தால் காசு வரும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. காசும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை வருடம். அம்மம்மா காப்புகளை ஒவ்வொன்றாக விற்றுத்தான் அம்மாவையும் சகோதரங்களையும் வளர்த்தா.

அம்மப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்த அப்பா, தூரத்துக் காசை நம்பவில்லை. தோட்டம் செய்தார். 1970 இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கொழும்பில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில் எங்கள் செம்மண் பொன்னாய் விளைந்தது. எங்கள் கல்வீடு வெங்காயக் காசில் கட்டியதுதான். 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு வெங்காயம் இறங்கியது. மேல்மாடிக்கென்று விட்ட கம்பிகள் இன்றைக்கும் துருப்பிடித்தபடி நிற்கின்றன.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நீங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டோம். அப்போதும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது கனடா, சுவிஸ் காசில், உண்டியல் வழியாக.

இனி 2022. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டமுடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. செப்ரெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். என் ஓய்வூதியத்தின் இலக்கம் மாறவில்லை; அதற்கு வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்தது.

என் தங்கச்சியின் மகள் அப்போது வெளிநாட்டுக் கந்தோர் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதம் 250 டொலர். "உதுவும் ஒரு உத்தியோகமே? அரசாங்க வேலைக்குப் போடு, பென்சன் வரும்" என்று நான் ஓயாமல் சொன்னேன். அதே 250 டொலர் மார்ச்சில் 50,000 ரூபா, மே மாதத்தில் 90,000. கூடுதலாக ஒரு கோடுகூட அவள் கீறவில்லை. நாட்டின் காசு விழ விழ, சம்பளக்காரர் கீழே போனார்கள், டொலரில் உழைத்தவர்கள் மேலே வந்தார்கள். இதை வகுப்பில் எத்தனை தரம் படிப்பித்திருப்பேன்! வீட்டுக்குள் நடந்தபோது தெரியவில்லை.

சும்மா வந்த காசும் இல்லை. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. பெற்றோல் இல்லை. சூரிய மின்சாரம் உள்ள உறவுக்காரர் வீட்டுக்கு லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவாள். அப்போது பேபாலில் இலங்கைக்குப் பணம் பெற முடியவில்லை. வேறு வழியால் வங்கிக்கு எடுத்தாள். யூனில் என் பிறசர் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லை. தனியார் மருந்துக்கடையில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கித் தந்தவள் அவள்தான். வாங்கும்போது எனக்குக் கை கூசியது. "மாமா, இதுவும் மணியோடர்தான். நான் கப்பல் ஏறேல்லை, அவ்வளவுதான்" என்றாள்.

ஆனால் மற்றப் பக்கமும் உண்டு. என்னிடம் படித்த இன்னொரு பிள்ளை, வீடியோவுக்கு 'லைக்' போட்டால் காசு என்று தொலைபேசியில் வந்த செய்தியை நம்பினாள். முதலில் சில நூறு ரூபா உண்மையாகவே வந்தது. பிறகு 'வைப்புப் பணம்' கேட்டார்கள். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. கணினி வேலை என்று கூட்டிப்போகப்பட்டு மியன்மாரின் மியாவடியில் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கைப் பெடியளின் செய்தியையும் வாசித்திருப்பீர்கள்.

மருமகளுக்கும் எல்லாம் சுகமில்லை. 2023 இல் அந்தக் கந்தோர் இரண்டு மாதம் வேலையே தரவில்லை. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. 2025 ஏப்ரலில் இருந்து இப்படி வரும் வருமானத்துக்கும் 15 வீதம் வரையில் வரி உண்டு. அம்மப்பாவுக்கு மலாயாப் பென்சன் சாகும்வரை வந்தது. இவளுக்கு அப்படி ஒன்றும் வராது. இப்போது மாதாமாதம் ஒரு பங்கை நிலையான வைப்பில் போடச் செய்திருக்கிறேன். அந்த அளவுக்கு என் பேச்சைக் கேட்கிறாள்.

தம்பி, உங்கள் மகனிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: காசு தருபவர் யார், எந்த வழியால் வங்கிக்கு வருகிறது, வேலை தொடங்க முதல் இவனிடம் காசு கேட்டார்களா. கடைசிக் கேள்விக்கு 'ஓம்' என்றால் உடனே நிற்பாட்டுங்கள். 'இல்லை' என்றால் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு அனுப்புங்கள். மருமகளும் நிற்பாள், அவளோடு கதைக்கட்டும்.