தீயினும் கொடிது புகை: வன்னி மண்ணின் விளக்கும் அடுப்பும் மூச்சும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வன்னிமைகளின் ஆட்சியிலும், பண்டாரவன்னியனின் எதிர்ப்பிலும், குளங்களின் அழிவிலும் மீளெழுச்சியிலுமே தம் கருத்தைச் செலுத்தியுள்ளனர். அவை வேண்டற்பாலனவே. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு அவர்தம் இல்லங்களில் மாலையில் ஏற்றப்பட்ட விளக்கிலும் விடியலில் மூட்டப்பட்ட அடுப்பிலும் அடங்கியுள்ளது என்பதனை நாம் மறத்தலாகாது. அவ்விளக்கும் அடுப்பும் ஒளியையும் உணவையும் தந்ததோடு உயிரையும் கவர்ந்துள்ளன. அக்கவர்தல் எவ்வாறு நிகழ்ந்தது, அதனைத் தடுக்கும் அறிவு எப்போது உலகில் தோன்றியது, அவ்வறிவு வன்னியை வந்தடைவதற்கு எவை தடையாயின என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1895: இரு நூல்கள்

1895ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிருவாக அதிகாரி எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் காடுகள், குளங்கள், சிற்றூர்கள், மக்கள் பற்றிய செய்திகளை அந்நூல் தொகுத்துரைக்கின்றது. மற்றையது, ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் காபனோரொட்சைட்டு வாயு மனிதவுடலிற் புரியும் செயல் பற்றி எழுதிய ஆய்வுரை. அந்நச்சு வாயுவை அவர் தாமே சுவாசித்து, தம் குருதியைச் சோதித்து, அதன் விளைவுகளைப் பதிவு செய்தார்.

லூயிஸின் நூல் காட்டும் வன்னி, மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீடுகளின் நாடு. காட்டை வெட்டி எரித்துச் சேனை செய்த நாடு. ஹோல்டேனின் ஆய்வோ, எரியும் பொருள் ஒவ்வொன்றும் போதிய காற்றுக் கிடையாவிடத்துக் கொடிய வாயு ஒன்றை உமிழ்கின்றது என்பதையும், அது மனிதனை எவ்வாறு கொல்கின்றது என்பதையும் விளக்கியது. தீயோடு வாழ்ந்த மக்களைப் பற்றிய நூலும், தீ தரும் நஞ்சைப் பற்றிய ஆய்வும் ஒரே ஆண்டிற் பிறந்தும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. அறிவு பிறந்த இடத்துக்கும் அது வேண்டப்பட்ட இடத்துக்கும் இடையே கிடந்த இத்தொலைவே பின்வந்த வரலாற்றின் சாரம் எனலாம்.

புகை கொல்லும் விதம்

குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் நிறப்பொருளே ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது. காபனோரொட்சைட்டு அதனோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இணைகின்றது. ஆதலின் காற்றில் மிகச் சிறிதளவு இருப்பினும் அது ஒட்சிசனின் இருக்கையைப் பறித்துக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன தோன்றும்போதே கைகால்கள் ஓய்ந்துவிடும். எழுந்து கதவைத் திறக்கும் வலு அற்றுப்போவதே இந்நஞ்சின் கொடுமையாகும்.

இவ்வுண்மையின் வேரை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே குளோட் பேர்னாட் என்னும் பிரான்சிய அறிஞர் கண்டிருந்தார். 1896இல் நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ந்த ஹோல்டேன், வெடிப்பினால் இறந்தனர் எனக் கருதப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் உண்மையில் இவ்வாயுவினாலேயே மாண்டனர் என நிறுவினார். உயர்ந்த அழுத்தமுள்ள ஒட்சிசனில் வைக்கப்பட்ட எலிகள் நச்சு வாயுவின் நடுவிலும் உயிர்வாழ்ந்தமையையும் அவர் கண்டார். நஞ்சும் அதற்கு மாற்றும் ஒருங்கே வெளிப்பட்டன. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுத் தாக்குதலுக்கு ஆளான போர்வீரரின் அனுபவத்துக்குப் பின், 1917இல், நோயாளருக்கு ஒட்சிசன் அளிக்கும் முறை பற்றியும் அவர் எழுதினார். சாதாரண காற்றைச் சுவாசிப்பவரின் குருதியிலுள்ள இந்நஞ்சு பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து மணித்தியாலங்கள் செல்லும். தூய ஒட்சிசனைச் சுவாசிப்பின் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் போதும். உயிருக்கும் சாவுக்குமிடையிலான வேறுபாடு சிலவேளை இச்சில மணித்தியாலங்களே.

தீப்புகையின் கேடு இவ்வாயுவோடு நின்றுவிடுவதன்று. சூடான காற்றும் கரியும் குரல்வளையையும் வாதனாளியையும் புண்படுத்துகின்றன. தீயிலிருந்து மீண்டவர் முதலிற் பேசுவார், நடப்பார், தண்ணீர் கேட்பார். சில மணித்தியாலங்களின் பின் தொண்டை வீங்கிச் சுவாசவழி அடைபடும். குரல் கம்முதல், மூக்கு உரோமம் கருகுதல், சளியிற் கரி தென்படுதல் என்பன இதன் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவிடத்து வீக்கம் பெருகுமுன்னரே சுவாசக்குழாயிற் குழாயிட்டு வழியைக் காத்தல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி.

இவ்விதி பெருந்துயரொன்றின் மூலமே கற்கப்பட்டது. 1942 நவம்பர் 28ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள கொக்கனற் குறோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். உடலிற் பெருந்தீக்காயமின்றியே பலர் இறந்தமை மருத்துவரை வியக்கவைத்தது. அவர்கள் 1943இல் வெளியிட்ட ஆய்வுகளின் பின்னரே சுவாசவழிக் காயம் என்பது தோற்காயத்தினின்றும் வேறானது என்ற கருத்து வலுப்பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1952இல், கொப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாத நோய் பரவியபோது பியோன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திக் கைப்பையால் காற்றை உட்செலுத்தும் முறையைக் கையாண்டார். ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக அப்பைகளை அழுத்தி நோயாளரின் மூச்சைத் தாங்கினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே. பல்கலைக்கழக மாணவராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சியும் அதுவே.

இலுப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும்

இனி வன்னிக்கு மீள்வோம். பண்டு எம்மவர் விளக்கெரித்தது இலுப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் முதலியவற்றால். இவை தடித்தவை, எளிதிற் பற்றாதவை. விளக்குக் கவிழ்ந்தாலும் பெரும்பாலும் திரி அணைந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மண்ணெண்ணெய் பரவியபோது ஒளி கூடியது; ஆபத்தும் கூடியது. இவ்வெண்ணெய் மெலிது, சிந்திய இடமெங்கும் பரந்து, அணிந்த துணியில் ஊறி, கணப்பொழுதிற் பற்றிக்கொள்வது. மூடியில் துளையிட்டுத் திரிசெருகிய போத்தலே ஏழைகளின் குப்பிவிளக்காயிற்று. உயரமான, எடைகுறைந்த அப்போத்தல் சிறுவர் கைபட்டாலும் கவிழும்; உருளும்; உடையும். கிடுகும் வைக்கோலும் வேய்ந்த கூரையின் கீழ் அதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

கிராமத்தார்க்கு மின்சாரம் எட்டாத காலமெல்லாம் இந்நிலை இலங்கை முழுவதற்கும் பொதுவாயிருந்தது. தம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் எரிகாயமுற்றோரைத் தொடர்ந்து கண்டு மனம் நொந்த விஜய கொடகும்புர என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1992இல் பாதுகாப்பான குப்பிவிளக்கொன்றை வடிவமைத்தார். குட்டையும் கனமுமான கண்ணாடி, உருளாதபடி இரு தட்டைப் பக்கங்கள், திருகி இறுக்கும் உலோகமூடி என்பனவே அதன் சிறப்பு. மாமைற் போத்தலின் வடிவே அதற்குத் தூண்டுதலாயிற்று. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மிகப் பெரிய மருத்துவமனை செய்யவியலாததைச் சிறிய போத்தலொன்று செய்தது.

தடைக்காலம்

1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குச் செல்லும் பொருள்களின் மீது அரசு தடை விதித்தது. எரிபொருளும் மின்கலங்களும் பல மருந்துப் பொருள்களும் அதனுள் அடங்கின. மண்ணெண்ணெய் அரும்பண்டமாயிற்று. அந்நாளில் மக்கள் கண்டுபிடித்ததே 'ஜாம் போத்தல் விளக்கு'. போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அதிற் சிறிது எண்ணெயை ஊறவிட்டு, சிறு திரியொன்றைப் போத்தலினுள்ளேயே எரித்தனர். எண்ணெயை மிச்சப்படுத்தவே இது தோன்றியதாயினும், பஞ்சில் ஊறிய எண்ணெய் சிந்துவதில்லை என்பது கருதத்தக்கது. வறுமை தந்த விளக்கு ஒருவகையிற் காவலாகவும் அமைந்தது. ஆயின் மோட்டார் சைக்கிள்களைப் பெற்றோல் துளிகளால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலமும் அதுவே. வீடுகளிலும் தெருவோரக் கடைகளிலும் இரு எண்ணெய்களும் போத்தல்களில் அருகருகே இருந்தன. பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விளக்கில் விடப்படின் அது விளக்கன்று, வெடியே.

1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரவர் வன்னியை வந்தடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகர் படையினர் வசமானது. 1997 மே மாதம் ஏ9 வீதியைக் கைப்பற்றும் 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கிற்று. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குள்ள தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றரே. ஆனால் போர்முனையும் சோதனைச் சாவடியும் அனுமதிச்சீட்டும் அத்தூரத்தைக் கடலினும் அகலமாக்கின. மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய இடங்களின் வைத்தியசாலைகளில் உள்ளூர் வைத்தியரும் தாதியரும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் பணிபுரிந்தனர். அங்கு அறிவுக்குப் பஞ்சமிருக்கவில்லை, பொருளுக்கே பஞ்சமிருந்தது. குரல் கம்மிய எரிகாய நோயாளிக்கு இன்னது நேரும் என அறிந்தும், மேலனுப்பும் வழி அடைபட்டிருக்க, அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது எத்தகைய வேதனை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் அது மீண்டும் மூடப்பட்டது.

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைவீச்சுக்குள்ளாகிக் கைவிடப்பட்டது. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் சிகிச்சை நடைபெற்றது. பெப்ரவரி முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு நோயாளரும் காயமுற்றோரும் உடன்சென்றோருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே வெளியேற்றியது. தறப்பாள் எரிந்து உருகி எழும் புகை நஞ்சு மிகுந்தது. அடைபட்ட பதுங்குகுழியுள் எரியும் சிறு தீயும் காபனோரொட்சைட்டைத் தேக்கும். அவ்வாறு மூச்சடங்கியோர் எத்தனையர் எனக் கூறும் பதிவேடு எதனையும் யான் கண்டதில்லை. 'நெருப்புப் பட்டு இறந்தார்' என்பதே எம் பேச்சு வழக்கு. புகை எம் சொல்லில் இடம்பெறவில்லை. ஆதலின் எம் நினைவிலும் இடம்பெறவில்லை.

அடுப்படியின் புகை

போரை மட்டும் குறைகூறி அமைதல் வரலாற்று நேர்மையாகாது. அமைதிக் காலத்தும் எம் தாய்மார் புகைபோக்கியற்ற குசினிகளில் விறகெரித்தே வாழ்ந்தனர். பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்கும் சேய்க்கும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் எம்மிடை உண்டு. காற்றோட்டமுள்ள முற்றத்தில் அது கேடு குறைந்தது. யன்னலடைத்த அறையிலே தணற்சட்டியை வைப்பின், நறுமணத்தின் மறைவில் மணமற்ற நஞ்சும் சேர்ந்தே பரவும். வீட்டுப் புகையினால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

2009இன் பின் வன்னிக்கு மின்சாரம் வந்தது; கல்வீடுகள் எழுந்தன. எனினும் 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சமையல்வாயு கிடையாமற்போக, பலர் விறகடுப்புக்கு மீண்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. ஒளியும் தீயும் மக்கள் கையிலிருந்து மீண்டும் நழுவக்கூடியவை என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று. ஓலைக்கூரையின் ஆபத்தை அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றும் காட்டும். 2004 யூலை 16இல் கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் மூண்ட தீ கீற்றுக் கூரையிற் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தீவிபத்தில் உயிர் போவது பலவேளை தோலின் வழியன்று, மூச்சின் வழியே என்பது ஒன்று. அதற்குரிய சிகிச்சையின் அடிப்படை நூறாண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டது என்பது மற்றொன்று. அவ்வறிவை வன்னி மக்களிடமிருந்து பிரித்தது அவர்தம் அறியாமையன்று. வீதியும் தடையும் போருமே என்பது மூன்றாவது. தீக்காயமுற்றவரைக் காணின் காற்றோட்டமுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லல், குரல் மாறியிருப்பின் காயம் சிறிதெனினும் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்பல், அங்கு உடன் ஒட்சிசன் கிடைக்கச் செய்தல் ஆகிய இம்மூன்றும் ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய அறிவாதல் வேண்டும்.

வரலாற்று மாணவருக்கு மற்றுமொரு கடன் உண்டு. தடைக்காலத்து வைத்தியசாலைகளில் விளக்கொளியில் விழித்திருந்த தாதியரும் மருத்துவமாதரும் இன்று முதுமையெய்திவருகின்றனர். அவர்களது நினைவுகளைக் கேட்டெழுதாவிடின் அவையும் புகைபோற் கலைந்துவிடும். மன்னரின் கல்வெட்டைப் படிக்கும் கண்ணோடு, ஒரு குப்பிவிளக்கின் கரிபடிந்த கண்ணாடியையும் படிக்கக் கற்போமாக. அதில் எழுதப்பட்டிருப்பதும் எம் வரலாறே.