நாற்காலியில் இருந்தவர்

பாரிஸ் நகரின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் குஸ்தாவ் கூர்பேயின் ஓவியம் ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துப் படியில், தொழிலாளர்கள் அணியும் தொளதொளத்த மேற்சட்டையோடு ஒருவர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் புத்தகங்கள், தாள்கள். சற்றுத் தள்ளி இரண்டு சிறுமிகள். ஒருத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மற்றவள் விளையாடுகிறாள். பின்னால் ஒரு நாற்காலி. அதன்மேல் துணிக் குவியலும் தையல் கூடையும்.

அவர் புரூதோன். சொத்து என்பதே திருட்டு என்று 1840இல் எழுதி ஐரோப்பாவைத் திடுக்கிட வைத்த சோசலிஸ்ட். ஓவியத்தின் தலைப்பு 1853ஆம் ஆண்டைச் சொல்கிறது. கூர்பே அதை வரைந்ததோ 1865இல், புரூதோன் அந்த ஜனவரியில் இறந்த பிறகு. அவ்வாண்டு சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, நாற்காலியில் புரூதோனின் மனைவி எஃப்ராசி அமர்ந்திருந்தார். கண்காட்சிக்குப் பிறகு கூர்பே அவரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் துணிகளை வரைந்தார்.

கணக்கைப் பாருங்கள். தகப்பன் இறந்துவிட்டார். சிறுமிகளில் இளையவள் மர்செல் 1854இலேயே காலராவில் போய்விட்டாள். படத்திலிருந்த நால்வரில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் மூத்த மகளும் தாயும்தான். அழிக்கப்பட்டவர் தாய்.

பெண்வெறுப்பால் கூர்பே இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அதே காலத்தில் எஃப்ராசியைத் தனியாகவும் வரைந்திருக்கிறார். இந்தப் படத்தில் அந்த உருவம் அவருக்குத் திருப்தி தராமல் போயிருக்கலாம். ஆனால் காலியான இடத்தை நிரப்ப அவர் தூரிகைக்குத் தோன்றியது தையல் கூடை.

செய்தவர் கூர்பே என்பதுதான் உறுத்துகிறது. தேவதைகளும் பண்டைய வீரர்களும் சுவர்களை நிறைத்திருந்த காலத்தில், சாலையோரம் கல்லுடைக்கும் கிழவனையும் சிறுவனையும் 1849இல் பெரிய அளவில் வரைந்தவர் அவர். 1855 உலகப் பொருட்காட்சியின் நடுவர்கள் முக்கியமான ஓவியங்களைத் திருப்பி அனுப்பியபோது, அருகிலேயே சொந்தமாகக் கொட்டகை போட்டு, ‘யதார்த்தவாதம்’ என்று அதற்குப் பெயர் வைத்தவர். கோதுமை சலிக்கும் பெண்களையும் வரைந்திருக்கிறார். முதுகைக் காட்டி முழங்காலிட்டு, இரு கைகளையும் நீட்டிச் சல்லடையைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணுடலின் பலத்தை அவ்வளவு மதிப்போடு தீட்டியவர்கள் குறைவு. உழைக்கும் பெண்ணைப் பார்க்க அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. சிந்திக்கும் ஆணுக்கு அருகில் அமர்ந்திருக்கும் பெண்ணை என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

புரூதோனுக்குத் தடுமாற்றமே இல்லை. அவர் எழுத்தில் பெண்ணுக்கு இரண்டே இடங்கள்: ஒன்று இல்லத்தரசி, இல்லையேல் விலைமகள். முதலாளியின் அதிகாரத்தையும் அரசின் அதிகாரத்தையும் தோலுரித்தவர், வீட்டுக்குள் கணவனின் அதிகாரத்தை இயற்கை என்றார். எஃப்ராசியோ திருமணத்துக்கு முன்பு உடைகளுக்கான குஞ்சமும் கரைப்பின்னலும் செய்து கூலி வாங்கியவர்.

யதார்த்தவாதத்தை வகுப்பில் நடத்தும்போது பால்சாக், ஃப்ளோபேர், கூர்பே என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அடுத்த பக்கத்தில் ஃபூரியே, புரூதோன், மார்க்ஸ். பல ஆண்டுகள் அந்தப் பட்டியல் எனக்கே உறுத்தவில்லை.

உறுத்தியிருக்க வேண்டும். கம்யூனிஸ்ட் அறிக்கைக்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1843இல், தொழிலாளர்கள் அனைவரும் ஒரே அமைப்பாகத் திரள வேண்டும் என்று புத்தகம் எழுதியவர் ஃப்ளோரா திரிஸ்தான். அதில் பெண்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பிரான்சில் மணவிலக்கு 1816இல் ஒழிக்கப்பட்டதால் கணவரிடமிருந்து சட்டப்படி விடுபட முடியாதவர் அவர். 1838இல் அந்தக் கணவர் சுட்ட குண்டை உடலில் தாங்கிக்கொண்டே ஊர் ஊராகத் தொழிலாளர்களிடம் பேசப் போனார். அந்தப் பயணத்திலேயே 1844இல் இறந்தார்.

1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி. மார்ச்சில் அனைவருக்கும் வாக்குரிமை. வாக்காளர் எண்ணிக்கை சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து 90 லட்சத்துக்குத் தாவியது. அந்த ‘அனைவரில்’ ஒரு பெண்கூட இல்லை.

ஆனாலும் 1849 சட்டமன்றத் தேர்தலில் ஒரு பெண் வேட்பாளராக நின்றார். ழான் தெருவான். துணி தைத்துப் பிழைத்தவர், தானே படித்து ஆசிரியையானவர், மணமான பின்பும் கணவர் பெயரை ஏற்காதவர். எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. சோசலிஸ்டான புரூதோனே எதிர்த்தார். பெண் சட்டமியற்றுவது ஆண் தாய்ப்பால் கொடுப்பதைப் போன்ற அபத்தம் என்பது அவர் வாதம். சட்டமியற்ற எந்த உறுப்பு தேவை என்று காட்டுங்கள், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று திருப்பிக் கேட்டார் தெருவான். இந்தப் பதிலைச் சொல்லும்போது வகுப்பில் எழும் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

தேர்தலோடு அவர் நிற்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றாக இணைக்கும் திட்டம் ஒன்றைத் தீட்டினார். சங்கங்கள் தங்களுக்குள் பொருளும் கடனும் பரிமாறிக்கொண்டால் முதலாளியை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இணைப்பு உருவானது. 1850 மே மாதம் போலீஸ் கூட்டத்துக்குள் புகுந்து கைது செய்தது.

நவம்பரில் வழக்கு. இனி நடந்தது தெருவானே பின்னாளில் பதிவுசெய்தது. தோழர்களின் சார்பில் வழக்கறிஞர் ஒருவர் அவரிடம் வந்தார். திட்டத்தைத் தீட்டியவர் தான்தான் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவ்வளவு ஆண்களை ஒரு பெண் திரட்டினாள் என்பது வெளியே தெரிவதை அவர்களால் தாங்க முடியவில்லை. இயக்கம் பிளவுபடக் கூடாதே என்று தெருவான் சம்மதித்தார். தண்டனையை மட்டும் சேர்ந்து அனுபவித்தார்: ஆறு மாதச் சிறை.

சான் லாசார் சிறையிலிருந்து அவரும் பொலின் ரோலானும் 1851இல் அமெரிக்கப் பெண்ணுரிமை மாநாட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள், இரண்டு பெயர்களையும் போட்டு. ரோலான் மறுபடியும் கைதாகி அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பும் வழியில் 1852 டிசம்பரில் லியோனில் இறந்தார். தெருவான் லண்டனுக்குத் தப்பினார். 1894இல் அங்கே 88 வயதில் அவர் அடக்கமானபோது வில்லியம் மோரிஸ் பேசினார்.